கடைமடைக்கு வராத அட்டவணை: திறந்த அணுக்கம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

திருவாரூர் மாவட்டத்தில் உள்ள ஒரு சுயநிதிக் கல்லூரியில் நூலகராகப் பணியாற்றுகிறேன். சென்ற கோடையில், தேர்வுகள் முடிந்து வாசிப்புக்கூடம் வெறிச்சோடியிருந்த ஒரு முற்பகலில், தலைஞாயிறு வட்டாரத்துக் கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் எங்கள் கல்லூரியில் படித்தவர். அந்தப் பழக்கத்தில்தான் வந்திருந்தார். கைப்பேசியில் ஓர் ஆய்விதழின் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். நாகப்பட்டினம் மாவட்டக் கடலோர ஊர்களின் நிலத்தடி நீரில் உப்பேறுவதைப் பற்றிய கட்டுரை அது. ஆய்வுச்சுருக்கத்தில் அவருடைய ஊரின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, முழுக் கட்டுரையைப் படிக்கச் சுமார் 40 டாலர் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பும் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இரு சக்கர வண்டியில் ஊருக்கு வந்து, அவர் வீட்டுக் கொல்லைக் கிணற்றிலும் வயலில் இருக்கும் ஆழ்குழாய்க் கிணற்றிலும் பாட்டில்களில் தண்ணீர் பிடித்துச் சென்றதை அவர் நன்றாக நினைவில் வைத்திருந்தார். முடிவு வந்ததும் சொல்வதாக மாணவர் கூறியிருந்தாராம், பிறகு வரவில்லை. "எங்க ஊர்த் தண்ணி சார். அதுல எவ்வளவு உப்பு இருக்குன்னு பார்க்க எங்ககிட்டயே காசு கேட்டா என்ன சார் நியாயம்?" என்று கேட்டார். ஆய்வுக் கட்டுரைகளை எவரும் காசின்றிப் படிக்கும்படி இணையத்தில் திறந்து வைப்பதற்குத் திறந்த அணுக்கம் (open access) என்று பெயர். நூலகத்தில் உட்கார்ந்து இத்தனை ஆண்டுகளாக அந்தச் சொல்லைப் பயிலரங்குகளில் கேட்டும் பேசியும் வந்திருக்கிறேன். அந்தச் சொல் யாருக்காக உண்டானது என்பதை இவ்வளவு நேராக என்னிடம் கேட்டவர் அவர்தான்.

அவருடைய தேவை பொதுவான ஆர்வம் அன்று. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்பட்டாலும், அந்தத் தண்ணீர் அடப்பாற்றையும் அரிச்சந்திரா நதியையும் சார்ந்த கடைசி வாய்க்கால்களுக்கு வந்துசேர நாள்கள் பல ஆகும்; தூர்வாராத ஆண்டில் இன்னும் தாமதமாகும். அதுவரை நாற்றங்காலைக் காப்பாற்ற ஆழ்குழாய் நீரே கதி. நெல்லோ இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் தறுவாயிலும்தான் உப்பை மிகக் குறைவாகத் தாங்கும். அவருக்கும் பங்காளிகளுக்குமாக உள்ள ஆழ்குழாய்களில் எதன் நீரை நாற்றங்காலுக்கு இறைப்பது, எதைத் தவிர்ப்பது என்பதற்கு அந்தக் கட்டுரையின் ஒரே ஓர் அட்டவணை விடையாக இருக்கலாம் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பு சரியானதே என்று பின்னால் தெரிந்தது.

பூட்டு எப்படி விழுகிறது

இந்தப் பூட்டு எங்கே, யாரால் போடப்படுகிறது என்பதை அவருக்கு விளக்கிச் சொல்வதற்கே எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. ஆய்வாளரின் ஊதியம் பொதுப்பணம். மாணவரின் உதவித்தொகையும் பெரும்பாலும் பொதுப்பணமே. எழுதிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும்போது ஆய்வாளருக்கு யாரும் பணம் தருவதில்லை. அதைச் சரிபார்க்கும் சக ஆய்வாளர்களும் கூலியில்லாமலே வேலை செய்கிறார்கள். கட்டுரை ஏற்கப்பட்டவுடன் ஒரு படிவம் வருகிறது. அதில் கையெழுத்திட்டதும் பதிப்புரிமை பதிப்பகத்துக்குப் போய்விடுகிறது. பிறகு அதே கட்டுரையை நூலகங்கள் சந்தா கட்டி வாங்குகின்றன. சந்தா கட்டாத நூலகத்தின் வாசகர் தனியாகக் காசு கட்ட வேண்டியிருக்கிறது. தட்டச்சும் வடிவமைப்பும் இணைய வெளியீடும் செலவில்லாத வேலைகள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் செலவுக்கும், ஒரு கட்டுரைக்கு 3,000 ரூபாய்க்கு மேல் ஒரு கடைமடை விவசாயியிடம் கேட்பதற்கும் பொருத்தமே இல்லை.

இதை மாற்ற வேண்டும் என்ற குரல் புதிதன்று. இயற்பியலாளர்கள் 1991 முதலே தங்கள் கட்டுரைகளின் முன்வரைவுகளை ஆர்கைவ் (arXiv) என்ற இணையக் களஞ்சியத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்து வருகிறார்கள். 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை திறந்த அணுக்கத்துக்கு ஒரு வரையறை கொடுத்து இரண்டு வழிகளைக் காட்டியது: ஆய்வாளர் தம் கட்டுரையைத் தாமே களஞ்சியத்தில் வைப்பது ஒன்று, ஆய்விதழே எவருக்கும் இலவசமாகத் திறந்திருப்பது மற்றொன்று. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் தகவலியல் அறிஞர் சுப்பையா அருணாசலம். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தில் 2004இல் திறந்த அணுக்கக் களஞ்சியங்களைப் பற்றிய பயிலரங்குகள் நடந்தன. அதே நிறுவனம்தான் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை நடத்தியது. ஊருக்குத் தகவல் போவதும், ஆய்வு எல்லாருக்கும் திறந்திருப்பதும் ஒரே வேலையின் இரு முனைகள் என்பதை அன்றைக்கே அங்கிருந்தவர்கள் உணர்ந்திருந்தார்கள். நாம்தான் அந்த இரண்டையும் பிரித்துவிட்டோம்.

அந்த விவசாயி என்னைத் தேடி வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டம் வந்துவிட்டதால் இனி எல்லாக் கட்டுரைகளும் இலவசம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். 2024 நவம்பர் 25இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டம் அது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் கிடைக்கின்றன. டெல்டாவில் இதனால் பயன் பெறும் மாணவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எங்களைப் போன்ற சுயநிதிக் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஊர் நூலகமும் வட்டார வேளாண் விரிவாக்க மையமும் விவசாயிகள் சங்கமும் இல்லை. திட்டத்தின் பெயரிலேயே விடை இருக்கிறது: அது சந்தா. சந்தா நின்றால் கதவு மீண்டும் மூடிக்கொள்ளும். திறந்த அணுக்கத்துக்கும் பெருஞ்சந்தாவுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பேராசிரியர்களே பலர் கவனிப்பதில்லை.

தேடல்

முதலில், அந்தக் கட்டுரையின் சட்டபூர்வமான இலவசப் பிரதி வேறெங்காவது இருக்கிறதா என்று பார்த்தேன். கூகுள் ஸ்காலரில் எல்லாப் பதிப்புகளையும் திறந்து பார்த்தேன். இலவசப் பிரதி இருந்தால் காட்டிக்கொடுக்கும் அன்பேவால் என்ற நீட்சியை உலாவியில் நிறுவிச் சோதித்தேன். பிரதி இல்லை என்பதற்கு அடையாளமாகப் பூட்டின் படம்தான் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அரசுக் கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பரிடம் கேட்டுத் தரவிறக்கிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த அணுக்கத்தின் நிபந்தனைகள் நிறுவனத்துக்கு வெளியே பகிர்வதை அனுமதிப்பதில்லை. நண்பரைச் சிக்கலில் மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை. அப்படிச் செய்தாலும் அந்த ஒருவருக்கு மட்டும்தான் பயன்படும். பக்கத்து ஊர்க்காரர் மீண்டும் அதே வாசலில் வந்து நிற்பார்.

ஆகவே கட்டுரையில் தொடர்புக்குரியவராகக் குறிக்கப்பட்டிருந்த, அந்த மாணவரின் ஆய்வு நெறியாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். கேட்பவருக்கு ஆய்வாளர் தம் கட்டுரையின் பிரதியைத் தனிப்பட அனுப்புவது நெடுங்கால வழக்கம். பெரும்பாலான பதிப்பகங்களும் இதை ஏற்கின்றன. சுமார் இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. பிடிஎஃப் கோப்பையும், தாமதத்துக்கு வருத்தத்தையும், ஊர்க்காரர் ஒருவர் இதைக் கேட்கிறார் என்பதில் தமக்குள்ள வியப்பையும் அவர் சேர்த்தே அனுப்பியிருந்தார்.

கோப்பைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதழின் பக்க வரம்பு காரணமாக, கட்டுரையில் ஊர்வாரியான அளவுகள் இல்லை; வட்டார அளவிலான குறைந்தபட்ச, அதிகபட்ச, சராசரி எண்களே இருந்தன. விவசாயிக்கு வேண்டியதோ அவருடைய கிணற்றின் எண். 40 டாலர் கட்டி வாங்கியிருந்தாலும் அது அவருக்குக் கிடைத்திருக்காது.

நெறியாளரிடம் மீண்டும் எழுதிக் கேட்டபோது, முழு அட்டவணை மாணவரின் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இருப்பதாகச் சொன்னார். அப்போதுதான் நான் முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை என்பது உறைத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைக்குப் பிறகு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் ஒப்படைக்கப்படுகின்றன. காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களுக்கான இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா களஞ்சியத்தில் இலட்சக்கணக்கான ஆய்வேடுகள் யாரும் படிக்கும்படி திறந்திருக்கின்றன. அந்த ஆய்வேடும் அங்கே இருந்தது. காசு கேட்கும் கதவுக்கு முன்னால் நாங்கள் நின்றிருந்த அத்தனை நாளும், அந்த அட்டவணை எந்தப் பூட்டும் இல்லாமல் வேறொரு வாசலில் கிடந்திருக்கிறது.

ஏன் அது தேடலில் சிக்கவில்லை என்பதை ஆராய்ந்தேன். இந்த நிகழ்வில் நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம் இதுதான். தலைஞாயிறு என்ற பெயரை ஆங்கில எழுத்தில் தலைநாயர் என்றும், தலைஞாயர் என்றும், தலைஞாயிறு என்றும் பலவாறு எழுதுகிறார்கள். கட்டுரை ஒரு வடிவத்தைப் பயன்படுத்தியிருந்தது; ஆய்வேடு வேறொன்றை; நான் தேடியது மூன்றாவதை. ஆய்வேட்டின் தலைப்பில் மாவட்டத்தின் பெயர்கூட இல்லை. சோழமண்டலக் கடற்கரையின் ஒரு பகுதி என்று பொதுவாகச் சொல்லப்பட்டிருந்தது. குறிச்சொற்களிலும் ஊர்ப்பெயர் எதுவும் இல்லை. அத்தியாயங்கள் தனித்தனிக் கோப்புகளாகப் பதிவேற்றப்பட்டிருந்தன. அட்டவணை இருந்த பின்னிணைப்போ அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்த படமாக இருந்தது. படத்தில் உள்ள எழுத்தை எந்தத் தேடுபொறியும் படித்திருக்கவில்லை. எவரும் மறைக்காத ஒரு செய்தி இப்படி நான்கைந்து சிறு கவனக்குறைவுகளால் முழுதும் மறைந்துபோயிருந்தது. இதை விவசாயியிடம் சொன்னபோது, மதகைத் திறந்துவிட்டு வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டது போல் இருக்கிறது என்றார். அதைவிடப் பொருத்தமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அட்டவணையிலிருந்து தமிழ்க் குறிப்புக்கு

கிடைத்த அட்டவணையில் ஒவ்வொரு கிணற்றுக்கும் மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த மின்கடத்துத்திறன் அளவு இருந்தது; நீரில் உப்பு கூடக்கூட இந்த எண்ணும் கூடும். இந்த எண்ணை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்தால் பயன்படாது. பாசன நீரின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 2.25 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது மிக அதிக உப்புள்ள நீர் என்பது, 1954இல் அமெரிக்க உவர்நில ஆய்வகம் வெளியிட்டு இன்றும் நம் மண் பரிசோதனை நிலையங்கள் கையாளும் வகைப்பாடு. நெல்லைப் பொறுத்தவரை, மண்ணைத் தண்ணீரில் குழைத்து வடித்த சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டும்போது விளைச்சல் குறையத் தொடங்குகிறது. நீரின் அளவும் மண்சாற்றின் அளவும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், படிப்பவர் தவறான முடிவுக்கு வந்துவிடக்கூடும். ஆகவே நெறியாளரே இரண்டு பக்கத்தில் ஒரு தமிழ்க் குறிப்பை எழுத ஒப்புக்கொண்டார். ஊர்ப்பெயர்களையும் வட்டார வழக்கையும் நானும் விவசாயியும் சரிபார்த்தோம். மண்ணின் உவரையும் களரையும் ஊரில் எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள் என்பதை நெறியாளர் அவரிடம் தொலைபேசியில் கேட்டுத் திருத்திக்கொண்டார். ஆய்வு செய்தவரும் ஆய்வு செய்யப்பட்ட நிலத்தின் சொந்தக்காரரும் முதன்முறையாகப் பேசிக்கொண்டது அந்த அழைப்பில்தான்.

இங்கே பதிப்புரிமையைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது, ஏனெனில் பலர் இதற்கு அஞ்சியே சும்மா இருந்துவிடுகிறார்கள். பதிப்புரிமை என்பது எழுதிய முறைக்குத்தான் உண்டு. ஒரு கிணற்றின் உப்பளவு என்ற உண்மைக்கு இல்லை. அந்த எண்களை எடுத்து நம் சொந்தச் சொற்களில் விளக்கி எழுதத் தடையேதும் இல்லை. ஆனால் பூட்டிய கட்டுரையை வரிக்கு வரி தமிழாக்கி வெளியிடப் பதிப்பகத்தின் ஒப்புதல் வேண்டும். இலவசமாகத் திறந்திருக்கும் கட்டுரைகளிலும் இந்தச் சிக்கல் வரலாம். படைப்பை மற்றவர்கள் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் 'பெயர் குறிப்பிட்டால் போதும்' என்ற வகை மொழிபெயர்ப்பை அனுமதிக்கிறது. 'வழிப்படைப்பு கூடாது' என்ற நிபந்தனை உள்ள வகையோ தமிழாக்கத்தைப் பகிரவே விடாது. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. தமிழில் ஆய்வைக் கொண்டுவர விரும்பும் நமக்கோ எல்லாமே அந்த ஒரு நிபந்தனையில்தான் நிற்கிறது. உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் நம் ஆய்வாளர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். நாங்கள் தமிழ்க் குறிப்பை முதல் வகை உரிமத்தில் வெளியிட்டோம்.

கட்டுரையையும் திறக்க முடியுமா என்று அடுத்துப் பார்த்தோம். அந்த ஆய்விதழின் விதி, அச்சு வடிவம் பெறுவதற்கு முந்தைய, ஏற்கப்பட்ட கைப்பிரதியை வெளியீட்டுக்கு 12 மாதம் கழித்துக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கிறது. அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் கைப்பிரதி நெறியாளரிடம் இல்லை. தட்டச்சு செய்த மாணவரிடம்தான் இருந்தது, அவரோ வேலைக்காகத் திருப்பூர் போய் மடிக்கணினியையும் மாற்றிவிட்டிருந்தார். கடைசியில், கட்டுரையை அனுப்பிய ஆய்விதழின் இணையக் கணக்கில் நெறியாளர் பழைய கடவுச்சொல்லை மீட்டு உள்நுழைந்தபோது, திருத்தி அனுப்பிய இறுதிக் கோப்பு அங்கேயே பத்திரமாக இருந்தது. தங்கள் கைப்பிரதி தொலைந்துவிட்டது என்று நினைக்கும் ஆய்வாளர்கள் முதலில் அங்கே தேடலாம். கிடைப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

வைப்பதற்கு இடம் தேட வேண்டியிருந்தது. நெறியாளருடைய நிறுவனத்தில் டிஸ்பேஸ் என்ற மென்பொருளில் ஒரு களஞ்சியம் தொடங்கப்பட்டு, அதைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெற்றதும் நின்றுபோயிருந்தது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை, தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகளின் ஏற்கப்பட்ட கைப்பிரதியைக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கும் 2013 முதல் திறந்த அணுக்கக் கொள்கை உண்டு. கொள்கை இருந்தும், தினமும் வழங்கிக் கணினியை (server) இயக்கிப் பார்க்க ஓர் ஆள் இல்லாததால் நின்றுபோன களஞ்சியங்கள் எத்தனை என்று நினைத்தால் மனம் கசக்கிறது. பதிப்பகத்தின் விதி ஆசிரியரின் சொந்த இணையப் பக்கத்தையும் அனுமதித்ததால், கைப்பிரதியை அங்கே வைத்தோம். தமிழ்க் குறிப்பையும், ஆய்வேட்டின் அட்டவணையைப் புதிதாகத் தட்டச்சு செய்த விரிதாளையும் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனமான செர்னின் ஜெனோடோ களஞ்சியத்தில் மாணவரின் பெயரில் இட்டோம். ஊர்ப்பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும், தமிழ் வடிவத்தையும் குறிச்சொற்களாகச் சேர்த்தோம். இந்த வேலை முழுவதற்கும் ஆன பணச்செலவு எதுவுமில்லை.

தயக்கத்தின் காரணம்

பணமில்லாமல் இது முடியும் என்று சொன்னால், எங்கள் பகுதிப் பேராசிரியர்கள் பலர் நம்புவதில்லை. திறந்த அணுக்கம் என்றாலே காசு கட்டிப் போடும் இதழ் என்றுதான் அவர்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம், நேச்சர் இதழில் ஒரு கட்டுரையைத் திறந்த அணுக்கத்தில் வெளியிட 9,500 யூரோ என்று 2020இல் அறிவித்தார்கள். 8 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை அது. மறுபக்கம், சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு சரிபார்க்காமலே எதையும் வெளியிடும் போலி இதழ்கள் பதவி உயர்வுக்கும் பட்டத்துக்கும் கட்டுரை தேடுவோரைக் குறிவைத்து மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நல்ல இதழ்களை அடையாளம் காட்ட மானியக் குழு வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இந்த இரண்டுக்கும் நடுவே, எழுதுவோரிடமும் படிப்போரிடமும் காசு வாங்காத இதழ்களும் இருக்கின்றன என்பது மறந்துபோகிறது. பெங்களூரிலிருந்து வரும் கரண்ட் சயின்ஸ் இதழின் கட்டுரைகளை யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். காசு வாங்காத மற்றொரு வழி, ஆய்வாளர் தாமே களஞ்சியத்தில் வைப்பது. அந்த வழிக்கு வேண்டியது கைப்பிரதியைப் பத்திரப்படுத்தும் பழக்கமும், படிவத்தில் கையெழுத்திடும் முன் அதைப் படித்துப் பார்க்கும் பொறுமையும்தான்.

அட்டவணை சொன்னபடி, விவசாயியின் வயல் ஆழ்குழாயைவிட அவருடைய பெரியப்பா மகன் வயலில் இருக்கும் ஆழ்குழாயின் நீர் உப்புக் குறைந்தது. அளவு எடுத்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டதால், அதை நம்பி உடனே இறைக்க வேண்டாம், முதலில் மண் பரிசோதனை நிலையத்தில் நீர் மாதிரியைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள் என்று நெறியாளர் எச்சரித்தார். இருவர் கிணற்று நீரையும் கொடுத்துப் பார்த்தார்கள். எண்கள் சற்று உயர்ந்திருந்தன. எது குறைவு, எது கூடுதல் என்ற வரிசை மாறவில்லை. அந்த ஆண்டு நாற்றங்காலை அண்ணன் வயலின் ஓரத்தில் விட்டார்கள். நாற்று நன்றாக வந்ததற்குத் தண்ணீர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். ஓர் ஆண்டின் ஒரு நாற்றங்கால் அதற்குச் சான்றாகாது. தமிழ்க் குறிப்பின் நகல்களை அவர் சங்கக் கூட்டத்தில் கொடுத்தார். பக்கத்து ஊர்களிலிருந்து சிலர் தங்கள் ஊர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு என்னை அழைத்தார்கள். இரண்டு ஊர்கள் இருந்தன, மற்றவை இல்லை.

நெறியாளர் அடுத்த மாதிரியெடுப்புக்குத் திட்டம் தயாரிக்கும்போது, விடுபட்ட ஊர்களின் பட்டியலை விவசாயியிடமே கேட்டு வாங்கியிருக்கிறார். மாணவர்கள் பாட்டிலில் ஒட்டும் சீட்டில் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதுவதாகவும், முடிவு வந்த மாதத்திலேயே ஊருக்கு ஒரு பக்கம் அனுப்புவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். நிறுவனக் களஞ்சியம் இன்னும் இயங்கவில்லை. ஷோத்கங்காவில் உள்ள ஆய்வேட்டின் பதிவில் ஊர்ப்பெயர்களைக் குறிச்சொற்களாகச் சேர்க்கவும், பின்னிணைப்பைத் தேடக்கூடிய கோப்பாக மாற்றவும் கேட்டு, பல்கலைக்கழகத்துக்கு அவரும் நானும் சேர்ந்து எழுதிய கடிதத்துக்கு இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதத்தை இந்த வாரம் அனுப்புகிறோம்.